பிள்ளைகளின் அன்றாடத்தைப் பதிந்து வைப்பது எப்படி: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தை முதல் அடி எடுத்து வைத்த நாளைப் பெரும்பாலும் யாரும் தவறவிடுவதில்லை. படம் எடுக்கிறோம், வீடியோ எடுக்கிறோம், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறோம். அதே குழந்தை இரண்டு வயதில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சரியா போட்டேனா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டபடி வீட்டைச் சுற்றி வருவதை மட்டும் எழுதி வைப்பதில்லை. தினமும் நடப்பதுதானே, எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிடுகிறோம். ஒரு நாள் செருப்பு சரியான காலுக்குப் போய்விடும். கேள்வியும் நின்றுவிடும். நின்றதை யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

குழந்தைக்கும் அது நினைவிருக்காது. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலானவர்களின் மிகப் பழைய நினைவு மூன்று, மூன்றரை வயதுக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய காலம் கைக்கு எட்டாமல் போவதை உளவியலில் குழந்தைப்பருவ மறதி என்கிறார்கள். ஆக, அந்த முதல் மூன்று ஆண்டுகளுக்கு வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான் சாட்சி. அவர்களும் மறந்துவிட்டால் அது யாரிடமும் இல்லை.

பிறந்தநாளுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் படங்கள் எப்படியும் சேர்ந்துவிடும். இந்த வழிகாட்டி மிச்சமுள்ள நாட்களுக்கானது.

1. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதை முதலிலேயே தீர்மானித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் எழுத்து தானாகவே மாறிவிடும். பிள்ளை சமர்த்தாக இருந்த நாட்கள் மட்டும் உள்ளே வரும், அழுது புரண்ட நாட்கள் வெளியே போய்விடும். என் யோசனை, அந்தப் பிள்ளையே 25 வயதில் தனியாக உட்கார்ந்து படிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அந்த வயதில் ஒருவருக்குத் தன் சின்ன வயதைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளத் தோன்றும்? தான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தோம், எதற்குச் சிரித்தோம், எதற்குப் பயந்தோம், அப்போது அப்பாவும் அம்மாவும் என்ன பாடுபட்டார்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குத் திரும்பி வாருங்கள்.

2. ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டு, போனில் குறிப்புகள் செயலி, உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்று இடத்தில் சிதறிய குறிப்புகளை யாரும் திரும்பித் தேட மாட்டார்கள்.

நோட்டு என்றால் கை எட்டும் இடத்தில், பேனாவோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அலமாரிக்குள் பத்திரமாக வைத்த நோட்டு பத்திரமாகவே, வெறுமையாகவே இருக்கும். விலை உயர்ந்த அழகான டைரியும் வேண்டாம் என்பேன். அதில் கிறுக்க மனம் வராது. போன் என்றால் அந்தச் செயலியை முகப்புத் திரையின் முதல் வரிசைக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

என் தேர்வு இரண்டும் கலந்தது. நடந்த கணத்தில் போனில் நான்கு சொற்கள், இரவில் அதிலிருந்து நோட்டில் நான்கு வரிகள். கடைசியில் எல்லாம் சேரும் இடம் நோட்டு ஒன்றுதான்.

3. நேரத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு சேருங்கள்

"நேரம் கிடைக்கும்போது எழுதலாம்" என்றால் நேரம் கிடைக்காது. குழந்தை தூங்கிய பின் விளக்கை அணைப்பது, போனை சார்ஜில் போடுவது போன்று தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரி போதும். அலுப்பாக இருக்கும் நாளில் ஒரு வரி. விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள். ஒரு வாரப் பாக்கியை உட்கார்ந்து நிரப்ப முயல்பவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். இன்றைக்கு என்ன என்பது மட்டும் போதும்.

4. எதைக் கவனிப்பது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "எழுதும் அளவுக்கு இன்று ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள்.

வளர்ச்சிப் படிகளைக் குறித்து வைப்பது நல்லதுதான், மருத்துவரிடம் சொல்லவும் உதவும். ஆனால் அவை உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிடிமானமில்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். "12 மாதத்தில் நடந்தாள்" என்ற வரி லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பொருந்தும். ஒரு கையில் சீப்பைப் பிடித்துக்கொண்டால்தான் நடப்பாள், சீப்பை வாங்கிவிட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள் என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் உரியது.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் பிரித்து வைத்த பத்துப் பருவங்களில் எத்தனை அன்றாடக் காரியங்கள் இருக்கின்றன, பாருங்கள். கையை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடை போட்டு வருவது வருகை, நிலவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. பாட்டுடைத் தலைவன் கடவுளே ஆனாலும், பாட்டில் அவன் கை கொட்டுகிற குழந்தைதான்.

கவனிக்கத் தகுந்தவை எவை என்று கேட்டால் நான் சொல்பவை இவை. அந்த மாதம் பிள்ளை பிடித்துக்கொண்டு விடாத ஒரு பொருள், ஒரு சொல், ஒரு சத்தம். தூங்குவதற்கு முன் நடக்கும் சடங்குகள்: எந்தப் பக்கம் படுக்க வேண்டும், யார் தட்ட வேண்டும், போர்வையின் எந்த முனை கையில் இருக்க வேண்டும். புதிதாக வந்த பயம். பொய் சொல்லத் தொடங்கிய விதம். அண்ணனும் தங்கையும் நாம் இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசிக்கொள்ளும் பேச்சு. பொம்மைக்குச் சொல்லும் புத்திமதி, ஏனென்றால் அதில் பெரும்பாலும் நம் குரல்தான் கேட்கும்.

பிறகு, கேள்விகள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை அவை மழைபோலக் கொட்டும். "நிழலுக்குத் தூக்கம் வராதா?" "நாளைக்கு எங்க இருக்கு?" கேள்வியோடு நீங்கள் சொன்ன பதிலையும், அதைக் கேட்டு அவர்கள் சமாதானம் ஆனார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பள்ளி வயதில் பேச்சு குறையும். அப்போது கவனிக்க வேண்டியது பையிலிருந்து வெளியே வரும் பொருட்களை, யார் பெயர் அடிக்கடி அடிபடுகிறது என்பதை, பின் யார் பெயர் திடீரென்று நின்றுபோனது என்பதை.

5. எப்படி எழுதுவது

வழக்கமாக எழுதப்படும் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

"இன்று பாப்பா ஒரே சேட்டை. கண்ணாமூச்சி விளையாடினாள். ரொம்ப அழகாக இருந்தது. மறக்கவே முடியாத நாள்."

பத்து வருடம் கழித்துப் படித்தால் இதிலிருந்து எதுவும் எழுந்து வராது. அதே மாலையை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"2 வயது 4 மாதம். குளித்து முடித்து, துண்டோடு நழுவி ஓடினாள். ஒளிந்துகொள்ளப் போனவள் கதவுக்கு முன்னாலேயே நின்று இரண்டு கைகளாலும் கண்ணை மட்டும் பொத்திக்கொண்டாள். முதுகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 'பாப்பா இல்ல' என்றாள். எங்கே போச்சு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, 'பாப்பா ஆபீச் போச்சி' என்றாள். காலையில் நான் கிளம்பும்போது அழவில்லை என்று நினைத்திருந்தேன்."

இதை எழுத ஐந்து நிமிடம் ஆகாது. "அழகு", "சேட்டை", "மறக்க முடியாத" என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. அவை நம் தீர்ப்புகள். கை என்ன செய்தது, கண் எங்கே பார்த்தது, வாய் என்ன சொன்னது என்று எழுதினால் அழகு தானே வந்து சேரும். கடைசி வரி மட்டும் எழுதியவருடைய மனதிலிருந்து வந்தது. அப்படி ஒரு வரி இருக்கட்டும். பிள்ளை பிற்காலத்தில் தேடப்போவது உங்களையும்தான்.

இந்த வகைக் கவனிப்புக்கு ஒரு நல்ல முன்னோடி சார்லஸ் டார்வின். 1839 டிசம்பரில் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி அவர் குறிப்பு எழுதி வைத்தார். 37 ஆண்டுகள் கழித்து, 1877-இல், அதை வைத்தே ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஓர் இடம். மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் இருக்கும்போது அறையிலிருந்து வருகிறான். சட்டைக்கு மேல் கட்டியிருந்த துணியைக் கவனமாகச் சுருட்டி வைத்திருக்கிறான், அடிக்கடி அதையே பார்க்கிறான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்க் கறை. குழந்தை தந்திரக்காரன் என்று எழுதியிருந்தால் அந்தத் துணி நமக்குக் கிடைத்திருக்காது. ஒரு வயதில் அவன் சாப்பாட்டுக்கு "மம்" என்று தானே ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டதையும் அவர் விடவில்லை.

பேச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் கரைந்து போவது அதுதான். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். குதிரை "குதில"யாக இருந்தால் அப்படியே. "நேத்திக்குப் போலாம்" என்றால் அப்படியே. தன்னை "நான்" என்று சொல்லாமல் பெயர் சொல்லிக்கொள்ளும் காலம், "நான்" வந்த காலம், இரண்டுக்கும் தேதி போடுங்கள். எழுத்தில் பிடிக்க முடியாத ஒலி என்றால் அடைப்புக்குள் விளக்கம் போதும்: "மூக்கால் சொல்வான்", "கடைசி எழுத்தை விழுங்கிவிடுவான்". நோட்டின் கடைசிப் பக்கங்களை ஓர் அகராதியாக ஒதுக்கிவிடலாம்: பிள்ளையின் சொல், அதன் பொருள், வந்த மாதம், சரியான உச்சரிப்பு வந்து பழையது நின்ற மாதம். இந்த நான்காவது கட்டத்தை நிரப்பும்போது கொஞ்சம் வலிக்கும். ஆனாலும் நிரப்புங்கள்.

தேதியோடு வயதையும் எழுதுங்கள். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கஷ்டமான நாட்களையும் எழுதலாமா? எழுதுங்கள். மூன்று இரவு தூங்காமல் காய்ச்சலோடு போராடியது, பொறுமை இழந்து கத்தியது, பின் இருவரும் சமாதானம் ஆன விதம். இதையெல்லாம் விட்டுவிட்டால், நாளை தானும் ஒரு குழந்தையை வளர்க்கும் மகளோ மகனோ அந்த நோட்டைப் படித்துவிட்டு, தனக்கு மட்டும்தான் இது இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடும். பிள்ளையைத் தாழ்த்தும் சொற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

6. குரலைப் பிடியுங்கள்

பழைய படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கும் வீடுகளிலும் குரல் இருக்காது. போனில் உள்ள குரல் பதிவு செயலி இதற்குத் தாராளமாகப் போதும். மின்விசிறி சத்தம் பதிவைக் கெடுக்கும். முடிந்தால் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, போனைப் பக்கத்தில் ஒரு துணி மேல் கவிழ்க்காமல் வையுங்கள். தொடக்கத்தில் தேதியையும் வயதையும் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது உள்ளேயே இருக்கும்.

"பாடு, பாடு" என்று கேட்டால் பிள்ளை பாடாது. விளையாடும்போது தனக்குத்தானே முணுமுணுப்பது, படக்கதையை எழுத்துத் தெரியாமல் "படிப்பது", தூக்கத்துக்கு முன் பேசும் பேச்சு, இவைதான் பதிவுக்கு ஏற்றவை. மாதத்துக்கு ஒன்று இருந்தால்கூட ஐந்து வருடத்தில் ஒரு குரல் வளர்ந்த கதை கையில் இருக்கும்.

7. படமும் வீடியோவும்

நிறைய எடுத்தால் நிறைய நினைவிருக்கும் என்று தோன்றும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் டெப் ராய், 2005 முதல் தன் வீட்டுக்குள்ளேயே கேமராக்களையும் மைக்குகளையும் பொருத்தி மகனின் முதல் மூன்று ஆண்டுகளைப் பதிந்தார். சுமார் 90,000 மணி நேர வீடியோ, 1,40,000 மணி நேர ஒலி. தண்ணீரை "காகா" என்று சொன்ன குழந்தை, சுமார் ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல "வாட்டர்" என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்ததை அதிலிருந்து அவரால் எடுத்துக் காட்ட முடிந்தது. அருமையான வேலை. ஆனால் அதைத் தேடி எடுக்க ஓர் ஆய்வுக் குழுவும் கணினிகளும் தேவைப்பட்டன. நம்மிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்.

இன்னொன்று. 2014-இல் உளவியலாளர் லிண்டா ஹெங்கெல் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வில், வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்கள் மக்களுக்குக் குறைவாகவே நினைவில் நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. எதையாவது உற்றுப் பார்த்து எடுத்தால் மனமும் கூடவே பார்க்கிறது போலும். பிள்ளைகள் விஷயத்திலும் நான் இதையே பின்பற்றச் சொல்வேன்: முதலில் பாருங்கள், அப்புறம் ஒன்றிரண்டு எடுங்கள், போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

எடுக்கும்போது பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். இங்கே பார், சிரி என்று சொல்லாதீர்கள். முகம் மட்டுமே இருக்கும் படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கும். சுண்டு விரலைச் சுற்றிய கை, சுவரில் கிறுக்கிய உயரம், கலைந்து கிடக்கும் அறை, வாசலில் வரிசை தப்பிய செருப்புகள், இவற்றை எடுங்கள். பின்னணியை ஒதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டாம். பிற்காலத்தில் அந்தப் பின்னணியைத்தான் ஆசையாகப் பார்ப்பார்கள்.

வீடியோ என்றால் முப்பது விநாடி, போனை ஆட்டாமல், நீங்கள் பேசாமல்.

படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது அம்மாவோ அப்பாவோ ஒருவர்தான். மாதம் ஒரு முறையாவது போனை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, தலை வாராத கோலத்திலேயே உள்ளே போய் உட்காருங்கள்.

8. மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒழுங்குபடுத்துங்கள்

ஒரே காட்சியின் பதினைந்து படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டிய நேரம் இது. மனம் வராதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான படங்களில் புதைந்த ஒரு நல்ல படம் இல்லாததற்குச் சமம். மாதத்துக்கு இருபது, முப்பது படங்கள் மிஞ்சினால் போதும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: "2025-03-14 கதவுக்கு முன் ஒளிந்தது". இப்படி வைத்தால் எந்தக் கணினியிலும் கால வரிசைப்படி தானாக அடுக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அங்கே படமாக அனுப்பும்போது அளவு சுருக்கப்படுகிறது, எடுத்த தேதி போன்ற உள் விவரங்களும் போய்விடுகின்றன. பாட்டியோ மாமாவோ எடுத்த படம் வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

9. தொலையாமல் வைத்திருங்கள்

புகைப்படக்காரர்கள் பின்பற்றும் 3-2-1 என்ற முறை வீட்டுக்கும் பொருந்தும். மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்குச் சரி. கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் யாரும் தொடவில்லை என்றால், படங்கள் உட்பட எல்லாவற்றையும் அழிக்க அந்நிறுவனத்தின் விதி இடம் தருகிறது. குழந்தையின் பெயரில் தனியாகக் கணக்குத் தொடங்கி அதற்கு மின்னஞ்சலாக எழுதிவருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு அவ்வப்போது உள்ளே போய் வர வேண்டும். கடவுச்சொல் துணைவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காகிதம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அமிலமற்ற தாள், நிறமி மை கொண்ட பேனா இருந்தால் நல்லது. சாதாரண பென்சிலும் நீண்ட காலம் நிற்கும். ஸ்கெட்ச் பேனா வெளிறும். செலோடேப் மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். பசைப் பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக்கை மூடும் பழைய வகை ஆல்பங்களில் படங்கள் வீணாகும், தவிர்த்துவிடுங்கள். ரசீது போன்ற வெப்பத்தாளில் அச்சானவை சில வருடங்களில் வெறும் தாளாகிவிடும் என்பதால், வைத்துக்கொள்ள விரும்பினால் உடனே படமெடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை நோட்டின் பக்கங்களையும் அப்படியே படமெடுத்துச் சேர்த்துவிடலாம்.

10. பிள்ளைக்கும் உரிமை உண்டு

1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. பிரான்ஸில் 2024 பிப்ரவரியில் வந்த சட்டம், பிள்ளையின் படங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பெற்றோரிடம் எதிர்பார்க்கிறது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, குளிக்கும் படம், அழும் வீடியோ, பள்ளியின் பெயர் தெரியும் சீருடை, இவை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பதிந்து வைப்பது வேறு, பரப்புவது வேறு.

நான்கைந்து வயதிலிருந்தே "இதை எழுதட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பத்து வயதுக்கு மேல் அவர்கள் நம்பிச் சொன்ன ரகசியம், நண்பர்களோடு வந்த சண்டை, உடல் மாற்றங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் நோட்டு மெலியும். மெலியட்டும்.

11. சேர்ந்து படியுங்கள்

எழுதியதை அலமாரியில் பூட்டி 25 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. நடந்தவற்றைப் பற்றிப் பெற்றோர் விரிவாக, திறந்த கேள்விகள் கேட்டுப் பேசும் வீடுகளில் பிள்ளைகள் தங்கள் கடந்த காலத்தை இன்னும் நிறைவாக நினைவுகூருகிறார்கள் என்று உளவியலாளர்கள் ராபின் ஃபைவுஷ், எலைன் ரீஸ் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "அன்னைக்குக் குளத்துக்குப் போனோம்ல?" என்று கேட்டால் "ஆமா" என்று முடிந்துவிடும். "அன்னைக்குக் குளத்துல நீ என்னத்தப் பாத்து நின்னுட்ட?" என்று கேட்டால் பேச்சு வளரும். அவர்கள் நினைவும் உங்கள் குறிப்பும் வேறுபட்டால் திருத்தாதீர்கள். அவர்கள் சொன்னதையும் பக்கத்திலேயே இன்றைய தேதி போட்டு எழுதுங்கள்.

எழுதப் பழகிய பிள்ளைக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுங்கள். எழுத்துப் பிழைகளோடு அப்படியே இருக்கட்டும்.

12. தாமதமாகத் தொடங்குபவர்களுக்கும், இரண்டாவது பிள்ளைக்கும்

முதல் பிள்ளைக்கு இரண்டு நோட்டு நிரம்பியிருக்கும், இரண்டாவதற்குப் பத்துப் பக்கம்கூடத் தேறாது. கை ஓயாத காலம் அது. ஆளுக்கொரு நோட்டு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரே நோட்டில் எழுதினால் இந்தச் சிக்கல் குறையும். இருவருக்கும் இடையில் நடப்பதுதான் எப்படியும் சுவாரசியமானது.

பிள்ளைக்கு ஆறு வயதாகிவிட்டது, இதுவரை ஒன்றுமே எழுதவில்லை என்றாலும் வழி இருக்கிறது. பழைய வாட்ஸ்அப் உரையாடல்களில் துணைவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிய செய்திகளைத் தேடுங்கள். "இப்பத்தான் தூங்குனான்", "சாப்பிட மாட்டேங்குறா", "புதுசா ஒரு வார்த்தை சொல்றா" என்று தேதி, நேரத்தோடு கிடக்கும். அவற்றை நகலெடுங்கள். ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் பத்துப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, படத்துக்கு வெளியே அப்போது என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதுங்கள்; ஒரு படம் பல விஷயங்களை இழுத்துக்கொண்டு வரும். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெரியவர்களிடம் அந்தப் படங்களைக் காட்டிப் பேசச் சொல்லி, அவர்கள் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதியதற்கு மேல் "நினைவிலிருந்து" என்று குறித்துவிடுங்கள், அன்றன்று எழுதியதோடு கலந்துவிடாமல் இருக்கும். இதற்கு ஒரு வார இறுதி போதும். இன்றைய குறிப்பை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாமல் இன்றிரவே எழுதிவிடுங்கள்.